அறுவை செய்ய முடியாத என்எஃப்1 கட்டிக்குத் தமனி வழி கீமோவா? சம்மதிக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் கட்டி எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நியூரோஃபைப்ரோமாடோசிஸ் 1 (என்எஃப்1) என்ற மரபணு நோய் உள்ளவர்களுக்கு நரம்புகளோடு பின்னிக்கொண்டு வளரும் பிளெக்ஸிஃபார்ம் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். வழக்கமான கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது என்பதால், கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் தமனிக்குள்ளேயே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைக் கொண்டுபோய் மருந்தை விட்டாலும் இவற்றில் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது.

இவற்றுக்குச் சோதனைகளில் பலன் காட்டியவை எம்இகே தடுப்பான்கள், அதாவது கட்டியை வளரத் தூண்டும் எம்இகே என்ற புரதத்தைத் தடுக்கும், வாயால் உட்கொள்ளும் மருந்துகள்: அமெரிக்காவில் 2020ல் குழந்தைகளுக்கு அனுமதி பெற்ற செலுமெட்டினிப், 2025ல் பெரியவர்களுக்கும் சேர்த்து வந்த மிர்டாமெட்டினிப். அதனால் யாராவது தமனி வழி கீமோ என்றால், முதல் கேள்வி இதுதான்: “எம்இகே தடுப்பான் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?” தயங்காமல் கேளுங்கள்.

கட்டி திடீரென்று வளர்கிறது, ஓயாமல் வலிக்கிறது, கெட்டிப்படுகிறது, கை கால் பலவீனமாகிறது என்றால் கதை வேறு. புற்றாக மாறியிருக்கலாம், தள்ளிப்போடக்கூடாது. பெட் ஸ்கேனும் பயாப்ஸியும் தேவைப்படும். அப்போதும் டாக்சோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைட் போன்றவற்றைச் சிரை வழியாகக் கொடுப்பதே வழக்கம். தமனி வழி வேரூன்றியிருப்பது கல்லீரல் புற்றிலும் குழந்தைகளின் விழித்திரைப் புற்றிலும்தான். உங்கள் கட்டிக்கு அது ஏன் பொருந்தும், ஆராய்ச்சி சிகிச்சையா, இதே நோய்க்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று விளக்கம் வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. என்எஃப்1 ரத்தக்குழாய்களையும் பாதிக்கும். தமனி சுருங்கியோ, வீங்கியோ, எளிதில் கிழியும்படியோ இருக்கலாம். கதீட்டர் போடும் மருத்துவருக்கு நோயின் பெயர் கட்டாயம் தெரிய வேண்டும். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் சிறுநீரகத் தமனிச் சுருக்கமோ, அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் கட்டியோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த அட்ரீனல் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), ரத்த உறைவுச் சோதனை, ஸ்கேனுக்குச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் சாயத்துக்கு ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கதீட்டரைத் தொடை வழியாகப் போட்டால் பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அந்த இடம் வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ, கால் சில்லிட்டு மரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்குக் கிளம்பும்போதே ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணையும், அடுத்த எம்ஆர்ஐ எப்போது, அதில் என்ன தெரிந்தால் இந்தச் சிகிச்சையை நிறுத்துவார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.