பகடை பேஸ்பால் லீக்: கணக்கு உதைக்காமல் எழுதுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (நிஜ ஆட்டக்காரர்களின் சீசனை வைத்துச் செய்த அட்டையும் பகடையும் கொண்டு ஆடும் பேஸ்பால்) ஆட நாலு பேர் சேர்வதே பெரிய காரியம். நாலு அணி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு 18 ஆட்டம் என்றால் அணிக்கு 54 வரும். அத்தனையும் முடிந்த பிறகு கணக்கு உதைத்தால் எங்கே தப்பு என்று தேடவே முடியாது.

தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோல், அதாவது ஆள்கணக்கு, போடுகிற மாதிரிதான் இதுவும்: அன்றைய கணக்கு அன்றைக்கே. பகடையைப் பெட்டியில் போடுமுன் தாளைச் சரிபாருங்கள். அட்-பேட் (மற்ற மூன்றும் சேராத பேட்டிங் முறைகள்), வாக் (நாலு தப்புப் பந்தால் முதல் பேஸுக்குப் போவது), உடம்பில் பந்து பட்டுப் போனது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி மற்றவரை முன்னே நகர்த்துவது) எல்லாவற்றையும் கூட்டுங்கள். மறுபக்கம் ரன், பேஸில் நின்றுபோனவர்கள், அந்த அணி இழந்த அவுட்டுகள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 34 அட்-பேட், 3 வாக், 1 சாக்ரிஃபைஸ்: 38. அதே அணிக்கு 5 ரன், 6 பேர் பேஸில், 27 அவுட்: அதுவும் 38. ஒன்று குறைந்தால் பெரும்பாலும் வாக் ஒன்று விட்டுப்போயிருக்கும். ஒன்று கூடினால் சாக்ரிஃபைஸை அட்-பேட்டிலும் சேர்த்திருப்பீர்கள். சொந்த மைதான அணி முன்னிலையில் இருந்து ஒன்பதாம் இன்னிங்ஸ் ஆடாமல் ஜெயித்தால் அதற்கு அவுட் 24தான். இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

எக்ஸெலில் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆட்டத்துக்கு ஒரு வரி. எண்ணிக்கையை மட்டும் பதியுங்கள், சராசரியை வேண்டாம். ஒருநாள் 2 அட்-பேட்டுக்கு 1 ஹிட் (.500), மறுநாள் 5-க்கு 1 (.200) என்றால் நடுவே .350 வராது, 7-க்கு 2, அதாவது .286.

பிட்சர் (பந்து எறிபவர்) கணக்கில்தான் அதிகம் வழுக்கும். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் 6.1 இன்னிங்ஸ் என்றால் ஆறும் மூன்றில் ஒரு பங்கும். எக்ஸெலுக்கு அது தெரியாது. 6.1-ஐயும் 5.2-ஐயும் 11.3 என்று கூட்டிவிடும்; உண்மையில் 12. இன்னிங்ஸ் எழுதாதீர்கள், அவுட் எழுதுங்கள்: 19, 17, மொத்தம் 36. ஏர்ண்ட் ரன்னை (பிட்சர் தலையில் ஏறும் ரன்) 27-ஆல் பெருக்கி அவுட்டால் வகுத்தால் இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விடும் ரன் சராசரி. 4 ரன்னுக்கு 3.00, தப்புக் கூட்டலில் அதே பிட்சருக்கு 3.19. மூன்றாவது அவுட்டாக வேண்டியது எரரில் (ஃபீல்டர் தப்பில்) போனால், அந்த இன்னிங்ஸில் அதற்குப் பிறகு வருகிற ரன் அவர் தலையில் ஏறாது.

பேட்டிங் பட்டத்துக்கு மேஜர் லீக் அளவுகோலே போதும்: அணியின் ஆட்டம் ஒன்றுக்கு 3.1 தடவையாவது பேட் பிடிக்க வந்திருக்க வேண்டும் (வாக்கும் சாக்ரிஃபைஸும் இதில் சேரும்). 162 ஆட்டத்துக்கு 502. உங்கள் 54-க்கு 167.

கடைசியாக, ஒரு அட்டையை எத்தனை தடவை பேட் பிடிக்க விடலாம் என்ற வரம்பு. நிஜ சீசனில் 90 தடவை மட்டும் ஆடி வெளுத்துக்கட்டியவரின் அட்டையைத் தினமும் இறக்கினால் லீக் கெட்டுப்போகும். 54 என்பது 162-இல் மூன்றில் ஒன்று. அவருக்கு 30 தடவைதான். ஒவ்வொரு தடவையும் மீதி எவ்வளவு என்பதை எக்ஸெலின் அணித் தாளில் தானாகக் கழிய விடுங்கள். 5-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கட்டம் சிவப்பாகட்டும்.