விருதுக்கு விண்ணப்பிக்கும் முன்: நான் செய்த தவறுகள்

நான் ஓய்வு பெற்ற பிறகும், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். போன மாதம் வந்தவர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு தொழில்முனைவோர் விருதுக்கான விண்ணப்பம். "கணக்கு எங்கே?" என்றேன். "ஆடிட்டர்கிட்ட இருக்கு சார்" என்றார். பழைய என்னையே எதிரில் உட்கார வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கடைசித் தேதியைத் தவறவிடுவது, படிவத்தைப் பாதியில் விடுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

காசு கேட்கும் விருது

'தேர்வாகிவிட்டீர்கள், கட்டணம் செலுத்துங்கள்' என்று வந்தால் அது விளம்பரச் செலவு. அந்தக் கணக்கிலேயே எழுதுங்கள்.

விருதுக்காக விற்பனையை ஊதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வேகமாக வளரும் நிறுவனங்களுக்கான விருது அது. மூன்று ஆண்டு விற்பனை வளர்ச்சியைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. நிதியாண்டின் கடைசி மாதம் டீலர்களைக் கூப்பிட்டு, "சரக்கை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், பணம் 90 நாள் கழித்துப் போதும், விற்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம்" என்றேன். திருப்பித் தரலாம் என்று அனுப்பிய சரக்கை முழு விற்பனையாகக் காட்டக் கூடாது. ஆனால் நான் வாய்மொழியாகத்தானே சொன்னேன்? ஆடிட்டருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் கணக்காளருக்குத் தெரிந்தது. "இது விற்பனை இல்லை சார். நம்ம சரக்கு அடுத்தவங்க குடோன்ல இருக்கு, அவ்வளவுதான்" என்றார். இவருக்குத் துணிச்சல் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

விருது வந்தது. அப்புறம் மூன்று மாதம் புது ஆர்டர் வரவில்லை. டீலர்களிடம்தான் சரக்கு குவிந்து கிடக்கிறதே! மூலப்பொருள் தந்தவர்களுக்கு 30 நாளில் பணம் தர வேண்டும், எங்களுக்கு வர வேண்டியதோ 90 நாளில். கைக்கு வராத பணத்துக்கு வரியும் கட்டியாகிவிட்டது. வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடன் விளிம்பைத் தொட்டது. நான்காம் மாதம் சரக்கில் கால்வாசி, பெட்டி நசுங்கித் திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் ஒரு சப்ளையர் போன் செய்தார்: "பேப்பர்ல உங்க படம் பார்த்தேன், ரொம்ப நல்லா இருந்துச்சு. நம்ம பாக்கி எப்போ வரும்?" அடுத்த வருடம் கணக்காளர் வேலையை விட்டுப் போனார். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு முகமும் இல்லை.

நடுவர் குழுவைத் தணிக்கைக் குழுவாக நினைப்பது

நாம் கொடுக்கும் தாளைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தை ஃபார்ச்சூன் பத்திரிகை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அமெரிக்காவின் புதுமை மிக்க நிறுவனமாகத் தேர்ந்தெடுத்தது. 2001 டிசம்பரில் அது திவால். நம் நாட்டு மென்பொருள் நிறுவனமான சத்யம் 2008இல் நிறுவன ஆளுகைக்காகவே, அதாவது நிறுவனத்தை ஒழுங்காக நடத்துவதற்காகவே, விருது வாங்கியது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2009 ஜனவரியில் கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். என் தப்பு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தொடக்கம் அதே மாதிரிதான்: இந்த ஒரு வருடம் மட்டும், அடுத்த வருடம் சரிக்கட்டிவிடலாம் என்பது.

மேடைக்குப் பழகிவிடுவது

உல்ரிக் மால்மெண்டியர், ஜெஃப்ரி டேட் என்ற இரு பொருளியலாளர்கள் விருது பெற்ற தலைமை நிர்வாகிகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விருதுக்குப் பின் அவர்களுடைய சம்பளம் ஏறியது, நிறுவனத்தின் செயல்பாடு இறங்கியது. புத்தகம் எழுதவும் மற்ற நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் உட்காரவும் அதிக நேரம் போனது. எனக்குப் புத்தகம் எழுத வரவில்லை, நல்லவேளை. கருத்தரங்குகளுக்குத்தான் ஓடினேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வேறு நிறுவனத்திடம் போய்விட்டதைத் திரும்பி வந்துதான் தெரிந்துகொண்டேன்.

தனியாகப் போய் வாங்குவது

வேண்டாம். கணக்காளரையும் கூட்டிப் போங்கள்.

கேடயத்தை வரவேற்பறையில் வைப்பது

வையுங்கள். பாக்கி கேட்டு வருபவர்களும் அங்கேதான் உட்காருவார்கள்.