கொரோனாவுக்கு அப்புறம் மதுரைல வீட்டு பெயிண்டிங் வேலை பிடிக்கிறது எப்படி

புதுசா தனியா காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பிச்சிருக்க பெயிண்டர் தம்பிகளுக்காக இத எழுதுறேன். கொரோனாவுக்கு முன்னாடி நம்ம தொழில் ஓடின விதம் வேற, இப்ப ஓடுற விதம் வேற, அது புரிஞ்சுட்டா சீசன் இல்லாத மாசத்துலயும் வேலை இருக்கும்.

முன்னாடி நம்ம ஊர்ல பொங்கலுக்கு, தீபாவளிக்கு, இல்லனா வீட்ல கல்யாணம் காதுகுத்துனா தான் பெயிண்ட் அடிப்பாங்க. 2020 மார்ச் 25ல லாக்டவுன் போட்டதும் அத்தனையும் நின்னு போச்சு. மீனாட்சி திருக்கல்யாணத்தயே அந்த வருஷம் வீட்ல உக்காந்து தான் பாத்தோம், ஜூன் கடைசில மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னப்ப எவன் வீட்டுக்கு பெயிண்ட் அடிப்பான்? வெளியாள உள்ள விடவே பயந்தாங்க.

ஆனா கடை திறந்ததும் நிலைமை தலைகீழா மாறுச்சு. மாசக்கணக்கா நாலு சுவத்தயே பாத்துட்டு இருந்தவங்களுக்கு விரிசல், ஓதம், சுவிட்ச் பக்கத்து கை அழுக்கு எல்லாம் கண்ல குத்த ஆரம்பிச்சிருச்சு. அந்த அக்டோபர் டூ டிசம்பர்ல ஏசியன் பெயிண்ட்ஸ் இந்தியாவுல வித்த வீட்டு பெயிண்ட் அளவு முந்தின வருஷத்த விட 33 சதவீதம் கூடுச்சு, தள்ளிப் போட்ட வேலை, தீபாவளி வேலை எல்லாம் சேந்து வந்துச்சு.

அதுல இருந்து நான் பாக்குற பெரிய மாத்தம் என்னன்னா, முழு வீடும் ஒரேயடியா கேக்குறவங்க குறைஞ்சு "ஒரு ரூம் மட்டும் பண்ணித் தர முடியுமாண்ணே"னு கேக்குறவங்க கூடிட்டாங்க. வீட்லருந்தே வேலை பாக்குற பிள்ளைங்களுக்கு வீடியோ கால்ல பின்னாடி தெரியுற சுவரு நல்லா இருக்கணும். இத சின்ன வேலைனு விட்றாதீங்க, அந்த ஒரு ரூம் சுத்தமா முடிஞ்சா அடுத்த மாசம் ஹாலும் உங்களுக்கு தான்.

அந்த மாதிரி சுவத்துக்கு பளபளப்பு ஃபினிஷ் வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க, லைட் பட்டா மின்னும், பட்டி (சுவத்த சமமாக்க பெயிண்டுக்கு முன்னாடி பூசுற மாவு) மேடு பள்ளம் அப்படியே காட்டிக் குடுத்துரும். மேட் ஃபினிஷ் சொல்லுங்க. பட்டி காஞ்சதும் ரூம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச சுவரோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, மேடு இருந்தா நிழல் விழும், அந்த இடத்த மட்டும் உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு தூசிய துடைச்சு அப்புறம் ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிங்க.

அளவு எடுக்குறத வீட்டுக்காரங்க முன்னாடியே செய்யுங்க. 10க்கு 12 ரூம், 10 அடி உயரம்னா சுத்தளவு 44, சுவரு 440 சதுர அடி, கதவு ஜன்னலுக்கு ஒரு 60 கழிங்க, சீலிங் 120, ஆக மொத்தம் 500. நல்ல எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கிற சுவர் பெயிண்ட்) ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமாரா 120 சதுர அடி ஓடும், நாலு லிட்டருக்கு கொஞ்சம் கூட வேணும். இப்படி கண்ணு முன்னாடி கணக்கு போட்டா பேரம் பாதியா குறையும்.

கொட்டேஷன்ல கூலி தனி, சாமான் தனினு எழுதுங்க, தேதி போட்டு எத்தன நாளைக்கு இந்த ரேட்டுனும் எழுதுங்க. 2021 கடைசில கம்பெனிக்காரங்க அடுத்தடுத்து விலை ஏத்துனப்ப மொத்தமா ஒரே ரேட் பேசினவங்க கைக்காசு போட்டு முடிச்சாங்க, பாவம். முடிஞ்சா பெயிண்ட வீட்டுக்காரங்களயே கடைல நேரா வாங்கச் சொல்லிருங்க, சந்தேகத்துக்கே இடமில்ல.

இன்னொன்னு, இப்ப ஆளுங்க வீட்ல இருக்கும்போதே வேலை பாக்கணும். எத்தன மணிக்கு மீட்டிங், பெரியவங்க எந்த ரூம்ல படுத்திருக்காங்க, யாருக்காச்சும் வீசிங் இருக்கானு மொதல்லயே கேளுங்க. உப்புத்தாள் தேய்க்கிற நேரத்த அதுக்கு ஏத்த மாதிரி வைங்க. ஜன்னல திறந்து வைங்க, வாடை கம்மியான பெயிண்ட் சொல்லுங்க, கதவு கிரில்லுக்கு அடிக்கிற எனாமல கடைசியா வைங்க. சாயங்காலம் கிளம்பும்போது தரைய துடைச்சுட்டு கிளம்புங்க, அடுத்த வீட்டு வேலைய வாங்கித் தர்றது அந்த வீட்டு அக்கா தான்.

ஓதம் இருக்க சுவத்துல மட்டும் அவசரப்பட்டு பட்டி வைக்காதீங்க. பின்னாடி பாத்ரூம் பைப் கசியுதா, மொட்டை மாடில தண்ணி தேங்குதானு பாத்து, அத சரி பண்ணி, சுவரு நல்லா காஞ்ச பிறகு தான் கை வைக்கணும். மாடி வேலைய ஐப்பசி மழைக்கு முன்னாடி, வெயில் காலத்துலயே முடிச்சுரச் சொல்லுங்க, கல்யாண வேலை கம்மியா இருக்க ஆடி மாசத்துக்கும் சேத்து இப்பவே பேசி அட்வான்ஸ் வாங்கி வச்சிருங்க.