"என்னைப் பார்த்துச் செய்" என்று சொல்லாதீர்கள்: நட்சத்திர வீரர் பாடசாலைப் பயிற்றுநராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் கொடிகட்டிப் பறந்துவிட்டுப் பாடசாலைப் பிள்ளைகளைப் பழக்கப் போனவர்களில் ஜோன் வூடனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1930 முதல் 1932 வரை மூன்று முறை அகில அமெரிக்க வீரராக, அதாவது நாட்டின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தெரிவானவர் அவர். 1932இல் கென்டக்கி மாநிலத்தின் டேட்டன் நகரப் பாடசாலையில் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் சேர்ந்தார். முதல் பருவத்தில் அவருடைய அணி 6 ஆட்டங்களில் வென்று 11இல் தோற்றது. பின்னாளில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சாம்பியனாக்கியவருக்கே தொடக்கம் அப்படித்தான் இருந்தது.

பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு, கொழும்பில் ஒரு பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியை நான் பொறுப்பேற்றபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்றே நம்பினேன். இன்று அந்த இடத்தில் நிற்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறும் பெரிய தவறும், "என்னைப் பார்த்துச் செய்யுங்கள்" என்பது. லே-அப் எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிவந்து, பந்தைப் பிடித்து, இரண்டு அடி வைத்து, எழும்பிப் போடுகிறீர்கள். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் படுவது பந்து கூடைக்குள் விழுவது மட்டுமே. எந்தக் கால் முதலில் ஊன்றியது என்று அவளுக்குத் தெரியாது. உண்மையில் உங்களுக்கும் தெரியாது. உங்கள் உடம்புக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாக மாற்றுவதே பயிற்றுநரின் வேலை. பந்தைக் கீழே வைத்துவிட்டு நடக்கவிடுங்கள்: வலது, இடது, மேலே. நடை பழகியதும் மெதுவான ஓட்டம். பந்து அதற்குப் பிறகுதான். எங்கள் அணியில் இதைக் கடைசியாகக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம், "எப்படிப் பிடித்தாய்?" என்று கேட்டேன். "இடது காலில் எழும்பும்போது வலது முழங்காலை ஒரு நூல் மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டேன் மிஸ்" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய வாக்கியத்தையே நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

ரொனால்ட் தார்ப், ரொலண்ட் கல்லிமோர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-75 பருவத்தில் வூடனின் பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் பதிவுசெய்தார்கள். பதிவான 2,326 செயல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். புகழ்ச்சியும் கண்டிப்பும் தனித்தனியே நூற்றுக்கு ஏழு அளவில்தான் இருந்தன. காலுறையைச் சுருக்கமில்லாமல் அணியக்கூட அவர் சொல்லிக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கால் கொப்பளிக்கும்.

அணி தடுமாறும்போது பயிற்சி ஆட்டத்தில் நீங்களே இறங்கிவிடாதீர்கள். நான் இறங்கினேன். மற்ற நால்வரும் பந்தை எனக்கே அனுப்பினார்கள். போட்டியன்று நான் களத்துக்கு வெளியே இருந்தேன். பந்தை யாருக்கு அனுப்புவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தூரம் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீற்றரில் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அங்கிருந்து எறிய, பந்தை இடுப்பிலிருந்து வீச வேண்டியிருக்கும். அந்த வீச்சு பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. கூடைக்கு அருகிலிருந்து தொடங்கி, எறியும் விதம் கெடாத தூரம்வரை மட்டும் பின்னால் போகவிடுங்கள். பெண்களுக்கு 6ஆம் இலக்கப் பந்து. கையில் கிடைத்தது என்பதற்காக ஆண்களின் 7ஆம் இலக்கப் பந்தைக் கொடுக்காதீர்கள். உயரமான பிள்ளையைக் கூடைக்கடியிலேயே நிறுத்திவைப்பதும் அநியாயம். அவள் அதற்குமேல் உயரமாக வளராமலே போகலாம். பந்தைத் தட்டி ஓடப் பழகாதவளுக்குப் பிறகு அணியில் இடமே இருக்காது.

தவறு செய்தால் களத்தைச் சுற்றி ஓடு என்ற தண்டனையை அடியோடு விடுங்கள். பாடசாலை முடிந்ததும் இரண்டு மணிக்குச் சீமெந்துக் களத்தில் ஏறும் வெக்கையும் கொழும்பின் புழுக்கமும் எப்படியென்று நமக்குத் தெரியும். தண்ணீர் குடிப்பது பிள்ளையின் உரிமை. அனுமதி கேட்க வைக்காதீர்கள். நோன்பு நோற்கும் பிள்ளைகள் அணியில் இருந்தால், அந்த மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்து எறிதலையும் ஆட்டத் திட்டங்களையும் பழக்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடக் கூடுதல். எழும்பி இறங்கும்போது முழங்கால்கள் உள்ளே சாயாமல், மடங்கி, மெதுவாக இறங்குவதை ஒவ்வொரு நாளும் பத்து நிமிடமாவது பழக்க வேண்டும்.

டியூசனோடு சண்டைக்குப் போகாதீர்கள். "வகுப்பா, பந்தா?" என்று கேட்டால் வெள்ளவத்தையில் எந்தத் தாயும் வகுப்பைத்தான் சொல்வார், அவரைக் குறைசொல்ல முடியாது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டு, மிக நன்றாகப் பந்தைக் கடத்தும் ஒரு பிள்ளையை இழந்தேன். தவணை தொடங்கும்போதே எல்லோருடைய வகுப்பு நேரங்களையும் வாங்கி ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோரும் வரக்கூடிய இரண்டு நாட்கள் கட்டாயம் கிடைக்கும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் பிள்ளைக்கு ஓய்வு கொடுத்து, "உன் இடம் இருக்கும்" என்று பெற்றோர் முன்னிலையில் சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடிமழை பயிற்சி நேரம் பார்த்துத்தான் வரும். நனைந்த சீமெந்தில், "கொஞ்சம் பார்த்து ஆடுங்கள்" என்று அனுமதித்துவிடாதீர்கள். களம் காயும்வரை பிள்ளைகளை மண்டபத்து விறாந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தில்லாமல், கூடையில்லாமல் அங்கே நடக்கலாம்: வலது, இடது, மேலே.