முந்திரி ஆலையில் புது சூப்பர்வைசரா? ஆட்களை உற்சாகமாக வேலை செய்ய வைப்பது எப்படி

குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் முந்திரி ஆலையில், அதாவது நம்மூர் அண்டி ஆபீஸில், முதன்முதலாகச் சூப்பர்வைசர் பொறுப்பு ஏற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் வேலை செய்வோரில் பலர் உங்களைவிட மூத்த பெண்கள், கைப்பழக்கத்திலும் உங்களுக்கு மேலே. அதனால் முதலில் குறையைத் தீருங்கள். பிறகு தனி ஆளைக் கவனியுங்கள். குழுப் பரிசெல்லாம் அப்புறம்தான்.

படி 1: எடையும் கூலியும்

தோல் உரிப்புக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால் தராசில் சந்தேகமே இருக்கக் கூடாது. எண் அவர்களுக்குத் தெரியும்படி தராசைத் திருப்பி வையுங்கள். எடையைச் சத்தமாகச் சொல்லி அவரவர் நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஓடு உடைப்பவர்களின் கையை, ஓட்டிலிருந்து கசியும் அண்டி எண்ணெய் புண்ணாக்கிவிடும். கையுறையை அவர்கள் கேட்கும் முன்பே வாங்கி வையுங்கள். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அது அவர்கள் உரிமை, அதைக் காட்டி வேலை வாங்காதீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் எழுதியது இங்கே அப்படியே பொருந்துகிறது. கூலியும் சூழலும் சரியானால் கசப்பு போகும், அவ்வளவுதான். உற்சாகம் வருவது பாராட்டிலும் பொறுப்பிலும்.

படி 2: தனி ஆள்

தினமும் ஒருவரிடமாவது நின்று பேசுங்கள். "அக்கா, இந்த வேலையில எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக் கேளுங்கள். ஒருவருக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தரம் பிரிக்கப் படிக்க ஆசை இருக்கும். அவரை அங்கே உட்கார வைத்து, டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு என்று தொடங்குங்கள்.

"சூப்பர்" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. "இன்னைக்கு உங்க தட்டுல உடைசலே குறைவு அக்கா" என்பது மனதில் நிற்கும். குறையைச் சொல்வதானால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 3: குழு

கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் போடும் பலமும் குறைகிறது என்று பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கெல்மன் 1913-ல் வெளியிட்டார். எனவே ஐந்தாறு பேராகப் பிரியுங்கள். குழுவுக்குள்ளும் ஒவ்வொருவர் கணக்கும் தனியாகத் தெரியட்டும்.

குழுப் பரிசை எடைக்கு வைக்கவே வேண்டாம். வயதான சேச்சியால்தான் தோற்றோம் என்ற பேச்சு உடனே கிளம்பும். உடைசல் குறைந்ததற்கு வையுங்கள். அதில் நிதானமான கைக்கும் மதிப்பு உண்டு, உடைந்த பருப்புக்கு விலை குறைவு என்பதால் முதலாளிக்கும் லாபம். ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் லீவு யாருக்கு எப்போது என்பதையும் குழுவே பேசி முடிவு செய்யட்டும்.

படி 4: ஒரு மாதம் கழித்து

உடைசல் குறையவில்லையா? குழுவிடமே காரணம் கேளுங்கள். போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்தும் சூட்டறையில், பருப்பு சரியாகக் காயாவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், அதிகம் காய்ந்தால் நொறுங்கும். அப்படியானால் பேச வேண்டியது போர்மா பார்க்கும் ஆளிடம், உரிப்பவர்களிடம் அல்ல.