படம் திருத்தும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒழுங்கு முதலில், வேகம் அடுத்து

படம் திருத்தும் மென்பொருள்களில் எது சிறந்தது என்று கேட்பவர் பெரும்பாலும் மூன்று தனிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறார். வேலை விரைவாக முடிய வேண்டும், பழைய படங்கள் தேடியவுடன் கிடைக்க வேண்டும், கற்றுக்கொள்வதும் சிரமமாக இருக்கக் கூடாது. இம்மூன்றையும் ஒரே அளவில் தரும் மென்பொருள் எதுவும் இல்லாததால், எதை முதலில் பார்ப்பது என்பதை வாங்குபவரே முடிவு செய்தாக வேண்டும். என் கருத்தில் ஒழுங்குக்கே, அதாவது படங்களை அடுக்கிவைத்துத் தேடி எடுக்கும் வசதிக்கே, முதலிடம் தர வேண்டும். வேகக் குறைவை நல்ல கணினியைக் கொண்டு ஓரளவு சரிசெய்துவிடலாம். கடினமான மென்பொருளும் சில மாதப் பழக்கத்தில் கைவந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளாக ஒரு மென்பொருளுக்குள் சேர்த்த குறிச்சொற்களையும் ஆல்பங்களையும் திருத்தங்களையும் இன்னொன்றுக்குச் சேதமின்றிக் கொண்டுபோவது அரிது.

அதற்கும் முன்பாக, உங்கள் நேரம் உண்மையில் எந்தக் கட்டத்தில் செலவாகிறது என்பதைக் கவனியுங்கள். படங்களைக் கேமராவிலிருந்து நகலெடுத்தல், நல்லவற்றைப் பொறுக்கி எடுத்தல், ஒளியையும் நிறத்தையும் சரிசெய்தல், ஜேபெக் கோப்பாக வெளியே எடுத்தல் என்று வேலை நான்கு கட்டங்களாக நடக்கிறது. நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவருக்குப் பொறுக்கும் வேலையே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு நான்கைந்து படங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் நுணுக்கமாகத் திருத்துபவருக்கு அந்தக் கட்டமே இல்லை எனலாம். இவ்விருவரும் ஒரே மென்பொருளை வாங்கினால் அவர்களில் ஒருவராவது தவறான பொருளை வாங்கியிருப்பார்.

ஃபோட்டோஷாப், கிம்ப், அஃபினிட்டி ஆகியவை ஒரு படத்தைத் திறந்து, லேயர்களும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலங்கள்) மாஸ்க்குகளும் (மாற்றம் எந்த இடத்தில் பட வேண்டும் என்று வரையறுப்பவை) கொண்டு அதில் ஆழமாக வேலை செய்வதற்காக உருவானவை. ஆயிரம் படங்களை நிர்வகிப்பது அவற்றின் வேலையன்று. லைட்ரூம் கிளாசிக், கேப்ச்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப், டார்க்டேபிள் போன்றவை, கேமரா சென்சாரின் மூலத் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளைத் திருத்துவதோடு, அளவில் வேறுபட்டாலும், தொகுப்பை நிர்வகிக்கும் வசதியையும் தருகின்றன. இந்த இரண்டாம் வகை மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களைக் கட்டளைகளாக மட்டுமே எழுதிவைக்கின்றன. மூன்றாவதாக, ஃபோட்டோ மெக்கானிக், ஃபாஸ்ட்ராவியூவர் போன்றவை படங்களை விரைவாகப் பார்த்துப் பொறுக்குவதற்கென்றே அமைந்தவை. தன் தேவைக்குப் பொருந்தாத வகையை வாங்கிவிட்டு, மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று குறைபடுபவர்கள் பலர்.

ஒழுங்கு

இதில் இரண்டு வழிகள் உள்ளன. லைட்ரூம் கிளாசிக் எல்லா விவரங்களையும் கேட்டலாக் என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. அதில் படத்தின் இருப்பிடம், முன்னோட்டம், குறிச்சொற்கள், திருத்தங்கள் ஆகியவை பற்றிய பதிவுகள் இருக்கும். படம் மட்டும் இருக்காது. படங்கள் உள்ள வெளி வன்தட்டு கணினியோடு இணைக்கப்படாத நேரத்திலும், கடந்த ஐந்தாண்டுகளில் ஒரு குறிப்பிட்ட லென்ஸில் எடுத்து நான்கு நட்சத்திரம் கொடுத்த படங்களை நொடியில் திரட்டிப் பார்க்க முடிவது இம்முறையின் பெரும்பலம். கோப்புறையை வேறொரு மென்பொருளால் நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ கேட்டலாக் அந்தப் படங்களைக் காணவில்லை என்று சொல்லிவிடுவது இதன் பலவீனம். எனவே இம்முறையைத் தேர்ந்தெடுப்பவர் நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் அந்த மென்பொருளுக்குள்ளேயே செய்ய வேண்டும். கேட்டலாக்கின் காப்புப்பிரதியில் படங்கள் அடங்குவதில்லை என்பதையும், படங்களுக்குத் தனியே காப்புப்பிரதி தேவை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வன்தட்டு பழுதான பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இரண்டாவது வழியில், வன்தட்டில் உள்ள கோப்புறைகளே தொகுப்பின் அமைப்பாகும். டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப்பும் ரா தெரபீயும் இறக்குமதி எதையும் கேட்காமல் கோப்புறையை நேரடியாகத் திறக்கின்றன. திருத்தங்களைப் படத்தின் அருகிலேயே ஒரு சிறு துணைக்கோப்பில் எழுதுகின்றன. கோப்புறையை நகர்த்தினால் துணைக்கோப்பும் கூடவே வந்துவிடுவதால் எதுவும் உடைவதில்லை. ஆனால் பல கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும் படங்களை ஒருசேரத் தேடும் திறன் இவ்வகையில் பொதுவாகக் குறைவு. ரா தெரபீயில் மிகக் குறைவு. டார்க்டேபிள் தரவுத்தளத்தையும் துணைக்கோப்பையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. கேப்ச்சர் ஒன்னில் கேட்டலாக், செஷன் என இரு முறைகளும் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் வேலையை ஒரே கோப்புறைக்குள் முடித்து அப்படியே எடுத்து வைக்க விரும்புபவருக்குச் செஷன் முறை மிகவும் ஏற்றது. தேடல் மட்டுமே முக்கியம் என்பவர் டிஜிகேமைப் பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளில் குறிச்சொல், நட்சத்திர மதிப்பீடு, முகம் அறிதல் ஆகியவை எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடைபெறுகின்றன.

எந்த வழியை எடுத்தாலும், குறிச்சொல், தலைப்பு, நட்சத்திரம் ஆகியவை எக்ஸ்எம்பி என்னும் பொதுத்தரத்தில் கோப்பாக வெளியே எழுதப்படுகின்றனவா என்று கேளுங்கள். இத்தரத்தில் எழுதப்பட்டவற்றை வேறு மென்பொருள்களும் படிக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் இதைத் தானாக எழுதும் அமைப்பு தொடக்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். நாம்தான் தேடி இயக்க வேண்டும். ஒளி, நிறத் திருத்தங்களின் நிலைமை வேறு. ஒரு மென்பொருளில் நிழலை இருபது புள்ளி உயர்த்தியதை இன்னொன்று அதே தோற்றத்தில் காட்டாது; ஏனெனில் ஒவ்வொன்றின் கணக்கும் தனித்தனி.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறே சான்று. 2005-இல் வெளியான அபெர்ச்சர் என்ற ஆப்பிளின் படம் திருத்தும் மென்பொருளை அந்நிறுவனம் 2014-இல் கைவிட்டது. 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது இயங்கவே இல்லை. லைட்ரூமுக்கு மாறியவர்களுக்குக் குறிச்சொற்களும் மதிப்பீடுகளும் கூடவே வந்தன, திருத்தங்கள் வரவில்லை. பலரும் விரும்பிய பட நிர்வாக மென்பொருளான பிகாசாவுக்கும் கூகுள் 2016-இல் ஆதரவை நிறுத்தியது. சந்தா முறையில் வாங்குபவர், சந்தா முடிந்த மறுநாள் தம் தொகுப்பு என்ன ஆகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் கேட்டலாக்கைத் திறந்து பார்க்கலாம், படங்களை வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டப்பட்டுவிடும். எல்லாச் சந்தா மென்பொருள்களும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம்.

வேகம்

வேகம் என்ற ஒரே சொல்லுக்குள் பல வேகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும் வேகம், ஸ்லைடரை நகர்த்தும்போது மாற்றம் திரையில் தெரியும் வேகம், நூறு படங்களை வெளியே எடுக்கும் வேகம் ஆகிய மூன்றும் ஒரே மென்பொருளில்கூட ஒத்திருப்பதில்லை. இவற்றுள் முதலாவதே பலருக்கும் முக்கியமானது. ஒரு படம் தெளிவாகத் தெரிய 2 விநாடி காத்திருக்க வேண்டுமென்றால், 1,000 படங்களைப் பார்த்து முடிப்பதற்குள் 33 நிமிடங்கள் வெறும் காத்திருப்பில் போய்விடும். வெளியே எடுக்கும் வேலையோ நாம் எழுந்துபோய் வேறு வேலை பார்க்கும் நேரத்தில் நடப்பது. விளம்பரங்கள் இந்தக் கடைசி வேகத்தைத்தான் பெரும்பாலும் அளந்து காட்டுகின்றன; அதை நான் பொருட்படுத்துவதில்லை.

ஃபோட்டோ மெக்கானிக் ஏன் அவ்வளவு விரைவாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றின் தாமதமும் விளங்கும். ரா கோப்புக்குள் கேமராவே உருவாக்கி வைத்த ஒரு ஜேபெக் படம் இருக்கிறது. ஃபோட்டோ மெக்கானிக் அதை எடுத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. திருத்தும் மென்பொருளோ சென்சாரின் மூலத் தரவிலிருந்து நிறங்களைக் கணக்கிட்டு, இரைச்சலை, அதாவது மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளைக் குறைத்து, லென்ஸ் குறைபாட்டைச் சரிசெய்து, பிறகே காட்டுகிறது. லைட்ரூம் கிளாசிக்கிலும் 2017 முதல், இறக்குமதியின்போது உள்ளிருக்கும் ஜேபெக்கையே முன்னோட்டமாகப் பயன்படுத்தும் தேர்வு உண்டு. பொறுக்கும் வேலைக்கு அது போதும். அல்லது முழு அளவு முன்னோட்டங்களை முன்கூட்டியே உருவாக்கச் சொல்லிவிட்டு, அது முடிந்த பிறகு வேலையில் அமரலாம். மென்பொருளை மாற்றத் துடிப்பவர்கள் முதலில் இந்த அமைப்பை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கணினியின் பங்கும் பெரிது. கேட்டலாக்கும் முன்னோட்டங்களும் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தில் இருப்பது, போதிய நினைவகம், ஓரளவு புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை வேகத்தைத் தீர்மானிக்கின்றன. டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் போன்ற செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பொறுமையைச் சோதிக்கும். 4கே திரையில் கணக்கிட வேண்டிய புள்ளிகள் ஃபுல் எச்டி திரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு என்பதால், புதிய திரை வாங்கிய பிறகு மென்பொருள் மெதுவானது போலத் தோன்றுவதும் உண்டு.

எளிமை

எளிமையை பொத்தான்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது. அடிக்கடி செய்யும் வேலையை எத்தனை அசைவுகளில் முடிக்க முடிகிறது என்பதே அளவுகோல். லைட்ரூம் கிளாசிக்கில் கேப்ஸ் லாக் விசையை இயக்கிவிட்டு நட்சத்திரத்துக்குரிய எண்ணை அழுத்தினால், மதிப்பீடு பதிவாகி அடுத்த படம் தானாகவே வந்துவிடும். சுட்டியைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு படத்தில் செய்த மாற்றத்தை ஒரே ஒளியில் எடுத்த ஐம்பது படங்களுக்கு எப்படிப் பரப்புவது என்பதும் இவ்வாறே பார்க்க வேண்டியது.

டார்க்டேபிள் இலவசம், திறன் மிகுந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. ஆயினும் ஒரே காரியத்தைச் செய்யப் பல மாட்யூல்கள் (திருத்தும் கருவிகள்) இருப்பதால் புதியவர் எதைத் தொடுவது என்று திகைப்பார். படிப்பதற்கு நேரம் ஒதுக்கக்கூடியவருக்கே அதைப் பரிந்துரைப்பேன். அதையும் தேர்ந்தெடுத்த சில மாட்யூல்களை மட்டும் விரைவு அணுகல் பலகையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் இதற்கு நேர்மாறாக, படத்தைத் திறந்தவுடனேயே கேமரா, லென்ஸ் இவற்றுக்கேற்ற திருத்தங்களைத் தானே செய்துவிடுகிறது. பல படங்களுக்கு அதற்குமேல் அதிகம் தேவைப்படாது. கைப்பேசிப் படங்களை மட்டும் சிறிது வெட்டி, வெளிச்சம் கூட்டுபவர் இவை எதையும் வாங்க வேண்டாம்; கைப்பேசியிலேயே உள்ள செயலி போதும்.

சோதித்துப் பார்க்கும் முறை

கட்டண மென்பொருள்களில் பெரும்பாலானவை குறுகிய காலச் சோதனைப் பதிப்பைத் தருகின்றன. ஒரே வாரத்தில் நான்கை நிறுவி மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, மேற்சொன்னவற்றைக் கொண்டு இரண்டாகச் சுருக்கிக்கொண்டு அவ்விரண்டையும் உண்மையான வேலையில் சோதிப்பதே பயன் தரும். உங்கள் சொந்தப் படங்களில் 200 அளவுக்கு எடுத்து, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி நகல் கோப்புறையை உருவாக்குங்கள். ஒரே துணைக்கோப்பில் இரண்டு மென்பொருள்கள் மாறி மாறி எழுதினால் குழப்பமே மிஞ்சும் என்பதால் இந்தப் பிரிப்பு அவசியம். படங்களில் மங்கிய ஒளியில் எடுத்தவையும், வானம் வெளிறிப்போனவையும், தோல் நிறம் முக்கியமானவையும் இருக்கட்டும். உங்கள் கேமராவின் ரா கோப்பை அந்தப் பதிப்பு திறக்கிறதா என்பது முதல் சோதனை. அண்மையில் வந்த கேமராவுக்குப் பழைய பதிப்புகளில் ஆதரவு இருக்காது.

பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 200-இலிருந்து 30-ஐப் பொறுக்கி எடுங்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்களின் கூர்மையைச் சரிபார்த்தபடியே அடுத்தடுத்த படத்துக்குச் செல்லுங்கள். மென்பொருளின் உண்மையான வேகம் அங்கேதான் வெளிப்படும். பத்துப் படங்களை முழுமையாகத் திருத்தி, வானத்துக்கோ முகத்துக்கோ ஒரு மாஸ்க் இட்டு, இரைச்சல் நீக்கமும் இயங்கும் நிலையில் ஸ்லைடர் கைக்கு ஈடுகொடுக்கிறதா என்று பாருங்கள். சில படங்களுக்குக் குறிச்சொல் இட்டு, மறுநாள் அவற்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கடைசியாக ஒரு கோப்புறையை நகர்த்திப் பார்த்து, குறிச்சொல் இட்ட படத்தை வேறொரு மென்பொருளில் திறந்து, அந்தக் குறிச்சொல் அங்கும் தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். சோதனைக் காலத்தில் பெரும்பாலோர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை.

ஒரு மென்பொருளால் எல்லாம் முடிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஃபோட்டோ மெக்கானிக்கில் பொறுக்கி, லைட்ரூமில் சரிசெய்து, அரிதாக ஓரிரு படங்களை ஃபோட்டோஷாப்புக்கு அனுப்புவது பத்திரிகைப் படக்கலைஞர்களிடையே வழக்கமான முறை. டிஜிகேமில் ஒழுங்குபடுத்தி, டார்க்டேபிளில் திருத்தி, தேவைப்படும்போது கிம்ப்பில் முடிப்பது அதற்கு நிகரான இலவச வழி. ஆயினும் குறிச்சொல் இடும் பொறுப்பை ஒரே மென்பொருளிடம் மட்டும் விடுங்கள்.

ஏற்கனவே ஒன்றைப் பயன்படுத்திவிட்டு மாறுபவர் பழைய தொகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிந்திய படங்களைப் புதியதில் தொடங்குங்கள். கோப்புறைகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் எந்த மென்பொருளிலும் அவை கால வரிசையில் நிற்கும். பழைய மென்பொருளை நீக்குவதற்கு முன், அதில் திருத்திய சிறந்த படங்களை முழு அளவில் வெளியே எடுத்து வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு உயர்தர ஜேபெக் போதும். 24 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாத 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாக ஏறத்தாழ 144 எம்பி இடத்தைப் பிடிக்கும் என்பதால், மீண்டும் திருத்த நேரும் என்று உறுதியாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் அந்த வடிவில் சேமியுங்கள்.