லண்டனில் தெருவோரம் காரை நிறுத்துவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

இந்தியா அல்லது இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு பிரிட்டனில் குடியேறியவர், வந்து சேர்ந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அதே உரிமத்தில் கார் ஓட்டலாம். இங்கும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால், ஓட்டுவது ஓரிரு வாரங்களில் கைக்குப் பழகிவிடும். புதியவர்களின் பணத்தைக் கரைப்பது வண்டியை நிறுத்தும் இடம்தான். இந்த நகரத்தில் சாலையோரத்தின் ஒவ்வொரு கெஜத்துக்கும் ஒரு விதி உண்டு. அந்த விதி தரையில் கோடாகவும் கம்பத்தில் பலகையாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இன்ஜினை அணைப்பதற்கு முன்பே இரண்டையும் படித்து முடிக்கும் பழக்கத்தைத்தான் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: தரையைப் பாருங்கள்

நடைபாதை ஓரமாக இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் அங்கே வண்டியை விட்டுச் செல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு என்ற சலுகை கிடையாது, அதை அறிவிக்கத் தனிப் பலகையும் இருக்காது. ஒற்றை மஞ்சள் கோட்டுக்கு மட்டும் நேர வரம்பு உண்டு. இரண்டு வகையிலும் ஆளை ஏற்றவோ இறக்கவோ சற்று நிற்கலாம். நடைபாதை விளிம்புக் கல்லின் மேலேயே குறுக்காகச் சிறு மஞ்சள் கீற்றுகள் தீட்டப்பட்டிருந்தால் அது சரக்கு ஏற்றி இறக்குவதற்கான தடை: ஒரு கீற்று என்றால் பலகையில் உள்ள நேரத்தில் மட்டும், இரண்டு என்றால் எப்போதும்.

சிவப்புக் கோடு வேறு வகை. முக்கியச் சாலைகளில் போடப்படும் இந்தக் கோட்டில், தடை நடப்பில் உள்ள நேரத்தில், நிற்பதே குற்றம். உள்ளே ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. நம்மவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவது ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகும்போதுதான். கோயில் இருக்கும் ஆர்ச்வே சாலை, ஏ1 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, சிவப்புத் தடம். வெள்ளிக்கிழமை மாலையில் வயதான தாயாரை வாசலில் இறக்கிவிட அரை நிமிடம் நின்றாலும் கேமரா பதிவு செய்துகொள்ளும், அபராதச் சீட்டு தபாலில் வரும். சிவப்புத் தடத்தில் அபராதம் 160 பவுண்டு. அர்ச்சனைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனத்துக்கு நல்லதல்ல. ஹைகேட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான் என்பதால், நடக்க முடிந்தவர்களுக்கு ரயிலே மேல்.

இரண்டாம் படி: பலகையைத் தேடுங்கள்

ஒற்றை மஞ்சள் கோட்டின் நேரம் அருகிலுள்ள சிறு மஞ்சள் பலகையில் இருக்கும். பலகையே இல்லையென்றால் விதியும் இல்லை என்று நினைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. லண்டனின் பல குடியிருப்புப் பகுதிகள் கட்டுப்பாட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அந்த மண்டலத்துக்குள் நுழையும் தெருமுனையில் ஒரு பெரிய பலகை நாளையும் நேரத்தையும் ஒரே தடவை சொல்லிவிடும்; அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஒற்றைக் கோடுகளுக்குத் தனிப் பலகை வைக்க வேண்டியதில்லை. திரும்பும் அவசரத்தில் அந்தப் பலகையைத் தவறவிட்டவர், நான்கு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, "இங்கே ஒன்றும் எழுதவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை.

சில மண்டலங்களில் தடை, நாளுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போகும் வெளியாட்களைத் தடுக்க, நடுப்பகலுக்கு முன் ஒரு மணி நேரத் தடையே போதும் என்பது கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சியின், கணக்கு. காலை ஒன்பதுக்கு ஒரு சீட்டும் இல்லாமல் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெம்ப்ளி போன்ற விளையாட்டரங்கப் பகுதிகளில் ஆட்டம் அல்லது கச்சேரி நடக்கும் நாட்களுக்கென்று தனி விதி உண்டு. வெம்ப்ளியின் ஈலிங் சாலைக் கடைகளுக்குப் புறப்படுமுன் அன்றைக்கு அரங்கில் என்ன நிகழ்ச்சி என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கட்டத்தின் வகையை அறிந்து பணம் கட்டுங்கள்

வெள்ளைக் கோட்டுக் கட்டம் என்றாலே எல்லோருக்கும் பொது என்று பொருளல்ல. அது பெர்மிட் வைத்திருக்கும் தெருவாசிகளுக்கு மட்டுமா, கட்டணம் செலுத்துவோருக்கா, இருவருக்குமா என்பதைக் கம்பத்துப் பலகை சொல்லும். பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில்தான் பணம் கட்ட வேண்டும். பலகையில் உள்ள இட எண்ணை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கம்பத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை நம்பி ஸ்கேன் செய்ய வேண்டாம், போலிக் குறிகளை ஒட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வண்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் நீங்கள் வேறு யாருடைய காருக்கோ பணம் கட்டியதாகிவிடும். பூச்சியமா, ‘ஓ’ எழுத்தா என்ற குழப்பம் வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்: 2001 செப்டம்பருக்குப் பின் வழங்கப்படும் வழக்கமான எண்பலகையில் முதல் இரண்டும் கடைசி மூன்றும் எழுத்துகள், நடுவில் உள்ள இரண்டு மட்டுமே எண்கள். நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டும் நாளில், செயலியில் பதிந்திருக்கும் உங்கள் பழைய காருக்குக் கட்டணம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிய நேரம் முடிந்த பின் கவுன்சில் கட்டங்களில் பத்து நிமிட அவகாசம் சட்டப்படி உண்டு. மஞ்சள் கோட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

நான்காம் படி: கோடே இல்லாத இடத்திலும் இவற்றைத் தவிருங்கள்

நான் வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு குறுகிய தெருவில் மற்றவர்களுக்கு வழி விடுவதாக நினைத்து, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன். ஊரில் அது நாகரிகம். திரும்பி வந்தபோது கண்ணாடியில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த சீட்டில் குற்ற எண் 62, அதாவது ஒரு சக்கரமாவது நடைபாதையில் இருப்பது. லண்டன் முழுக்க 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது தடை. அனுமதிப் பலகை வைத்துள்ள சில தெருக்களுக்கு மட்டும் விலக்கு. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் ஒருவர் என் காரைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடப்பதை அன்றைக்கு நேரில் பார்த்த பிறகு, வாதாட எனக்கு மனம் வரவில்லை.

தெருமுனையிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தாதீர்கள்; சுமாராக இரண்டு கார் நீளத்துக்குச் சற்று அதிகம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து வருபவர் மூக்கை நீட்டித்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும், தீயணைப்பு வண்டியும் திரும்ப முடியாது. சக்கர நாற்காலிக்காக விளிம்பு தாழ்த்தப்பட்ட இடம், பள்ளி வாசலிலும் வரிக்குதிரைக் கடவையிலும் உள்ள ஜிக்ஜாக் கோடுகள் ஆகியவையும் அப்படியே.

ஐந்தாம் படி: இறங்கும்போது

வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் தன் கதவை இடக்கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடல் தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். 2022 ஜனவரியில் இந்த முறை நெடுஞ்சாலை விதித்தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது. சரிவான தெருவில் ஏறுமுகமாக நிறுத்தினால் ஸ்டியரிங்கை நடைபாதைக்கு எதிர்ப்புறமாகவும், இறங்குமுகமாக நிறுத்தினால் நடைபாதையை நோக்கியும் திருப்பி வையுங்கள். பிரேக் நழுவினாலும் சக்கரம் விளிம்புக் கல்லில் முட்டி நின்றுவிடும். இரவில், குறிக்கப்பட்ட கட்டம் தவிர மற்ற இடங்களில், போக்குவரத்துத் திசைக்கு எதிராகக் காரை நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: சீட்டு விழுந்துவிட்டால்

கவுன்சில் சீட்டுக்கு 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். நியாயமான காரணம் இருந்தால் முதலில் பணம் கட்டாமல் ஆட்சேபம் எழுதுங்கள், ஏனெனில் கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. கவுன்சில் மறுத்தாலும், உரிமையாளருக்கு முறைப்படி வரும் கடிதத்துக்குப் பதில் எழுதி, அதுவும் தோற்றால் கட்டணமின்றி லண்டன் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பேசாமல் இருந்துவிட்டால் தொகை ஒன்றரை மடங்காகும். கவுன்சில் சீட்டின் ஆங்கிலச் சுருக்கம் பி.சி.என். (பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்). கடை வாகன நிறுத்தங்களில் தனியார் ஒட்டும் சீட்டையும் (பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்) சுருக்கமாக பி.சி.என். என்றே சொல்வார்கள், ஆனால் அது அரசு அபராதமல்ல, நில உரிமையாளரின் ஒப்பந்தக் கோரிக்கை, முறையீட்டு வழியும் வேறு. எனவே சீட்டை அனுப்பியவர் யார் என்பதை முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் காரை விட்டு நகருமுன் கோடு, பலகை, சக்கரம் மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவின்மேல் வரும் சீட்டு தபாலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அந்தப் படங்களை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.